பதினோராம் கட்டம்

ஜூன் மாதம்.
அலுவலக அறைக்குள்ளேயே மேகம் வந்து உட்கார்ந்திருக்கிறது.
ரப்பர் ஸ்டாம்ப் நமத்துப்போய்
பள்ளியின் பெயர் பாதிதான் விழுகிறது.

விண்ணப்பத்தில் பதினோராவது கட்டம்:
தடுப்பூசி அட்டை, நகல் இணைக்கவும்.
"அட்டை எங்கம்மா?"
"கரையான் தின்னுடுச்சு சார்"
என்கிறாள் கொட்டச்சேடு வெள்ளச்சி.
இந்த வருஷம் கரையான்மேல் பழிபோடும்
ஏழாவது ஆள்.

ஜவுளிக்கடைப் பையைத் திறந்து
மேசைமேல் கொட்டினாள்.
மண். ஒரு விரற்கடை அட்டை.
அதில் 'பெண்' என்ற சொல் மட்டும் மிச்சம்.

திருப்பி அனுப்பச் சொல்லி என்னிடம் உத்தரவு எதுவும் இல்லை.
கேட்காமல் விடத்தான் கை வரவில்லை.
பின்னாலிருக்கும் இரும்பு பீரோவில்
நான் பிறக்குமுன் எழுதிய வருகைப் பதிவேடு இருக்கிறது.
இரண்டாம் வகுப்பு, ஒரே தை மாதத்தில்
மூன்று பெயர்களின்மேல் சிவப்பு மைக்கோடு.
ஓரத்தில் பொடி எழுத்தில்: மணல்வாரி.
ஸ்கேல் வைத்து இழுத்திருக்கிறார்
யாரோ ஒரு வாத்தியார்.
மூன்றாவது கோடு மட்டும் கோணல்.

"சரி, எப்பெப்ப போட்டீங்கன்னாவது சொல்லுங்க."

தேதி ஒன்றும் அவளிடம் இல்லை.
"ஐப்பசி அடைமழையில பொறந்தா,
அன்னிக்கே தோள்ல ஒண்ணு.
காப்பிப்பழம் பறிப்பு முடியறப்ப தொடையில ஒண்ணு,
அன்னிக்கு எனக்கு அரைக்கூலி.
மிளகுக்கு ஏணி சாத்துனப்ப ஒண்ணு.
பூமழை பேஞ்சு எஸ்டேட்டே வெள்ளையா கிடந்துச்சே, அப்ப ஒண்ணு.
ஆடிக்காத்துல சில்வர் ஓக் விழுந்து ரோடு அடைச்ச அன்னிக்கு
நர்ஸம்மா மரத்தத் தாண்டி வந்து
கையில போட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறமும் ஒண்ணு இருக்குன்னாங்க.
அது என் நெனப்புல இல்ல சார்."

அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து
வர்ணிகா தானாகவே சட்டைக்கையை ஏற்றிக் காட்டினாள்.
இடது தோளில்
மிளகளவு தழும்பு.

நாகலூர் துணை சுகாதார நிலையத்துக்கு போன் போட்டேன்.
ஜன்னலோரம் போய் நின்றால்தான் சிக்னல்.
ஜெபமணி சிஸ்டர் பதிவேட்டைப் புரட்டும் சத்தம்
மழைச்சத்தத்துக்குள் கேட்டது.
"எழுதிக்குங்க சார்.
ஜனவரி ரெண்டு. பிப்ரவரி ஆறு. மார்ச் ஆறு.
ஆகஸ்ட் பதினாலு, ஆமா, அந்த மரம்,
பனிக்கட்டிப் பெட்டியத் தலைமேல வெச்சுத் தாண்டினேன்."

ஒரு பக்கம் பழம், மிளகு, பூ, காற்று.
எதிர்ப்பக்கம் தேதிகள்.
வரிக்கு வரி பொருந்திக்கொண்டே வந்து
நின்றது.

"அடுத்தது காலி சார்.
ரெண்டாயிரத்து இருபது, ஏப்ரல்.
மலைக்கு பஸ் இல்ல. என் ஸ்கூட்டிய அடிவாரத்துலயே நிறுத்திட்டாங்க.
அப்புறம் நான் போனப்ப
அவங்க வீடு பூட்டியிருந்துச்சு."

"குடகுக்கு வேலைக்குப் போயிட்டோம்" என்றாள் வெள்ளச்சி,
போனில் வந்த குரலுக்குப் பதிலாக.

அவள் நினைவிலும் சிஸ்டர் நோட்டிலும்
ஒரே இடத்தில் ஓட்டை.
பொய் சொல்ல வந்தவர்கள்
அதைத்தானே முதலில் அடைத்திருப்பார்கள்.
எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
டீ சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை,
வரிசையில் இன்னும் நாலு பேர்.

"விட்டத டாக்டர்கிட்ட கேட்டுப் போட்டுடலாம் சார்,
புதன்கிழமை அனுப்பி வைங்க."

கட்டத்துக்குள் இதெல்லாம் அடங்காது.
ஓரத்தில் ஏற்றி எழுதி
ஸ்டாம்பை ஊதி ஊதி அழுத்தினேன்.
பாதிதான் விழுந்தது.

"வலிக்குமா?" என்றாள் வர்ணிகா.
வலிக்காது என்று வாய்வரை வந்துவிட்டது.
"கொஞ்சம் வலிக்கும்" என்றேன்.

கொட்டச்சேடு பஸ் ஹாரன் அடிக்கிறது.
ஏற்றிய சட்டைக்கையை இறக்காமலே
மேகத்துக்குள் நடந்து போகிறாள்,
புதன்கிழமைக்கு
இன்னும் ஐந்து நாள் இருக்கையில்.